பாலைவன எரிமலையில் செவ்வாயைப் படிப்பது எப்படி?

அம்பாய் எரிமலைக்கு நவம்பர் நடுவிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை மட்டும் போங்கள். மற்ற எதையும் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், பழைய ரூட் 66 நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கிறது அம்பாய் எரிமலை. உயரம் சுமார் 75 மீட்டர், அடி விட்டம் 460 மீட்டர். சுற்றிலும் ஏறத்தாழ 70 சதுர கிலோமீட்டருக்கு உறைந்த லாவா. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடும், கருந்தரை தோசைக்கல்லாய்க் காயும், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அங்கே நடக்கப் போய் வெயிலில் உயிரை விட்டவர்கள் உண்டு.

நான் ரிவர்சைடில் பள்ளி அறிவியல் ஆசிரியை. பதினோரு வருடமாக ஒவ்வொரு குளிர்காலத்திலும் அங்கே போகிறேன், பெரும்பாலும் மாணவர்களோடு, சில தடவை தனியாக. வருகிறவர்கள் காரை விட்டு இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, “செவ்வாய் இப்படித்தான் இருக்குமா?” இருக்காது. இங்கே கிரியோசோட் புதர் மணக்கும், பல்லி ஓடும், சாலைக்கு அந்தப் பக்கம் சரக்கு ரயில் போகும். தோற்றத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் அரை மணி நேரத்தில் சலித்துவிடும். விஞ்ஞானிகள் இதை ஒப்புமைத் தளம், அதாவது வேறு கோள்களைப் புரிந்துகொள்ள உதவும் பூமி இடம், என்பதற்குக் காரணம் வேறு. நிலவின் கரும் சமவெளிகள், செவ்வாயின் தார்சிஸ் எரிமலைகள், வெள்ளியின் பரந்த தரை எல்லாவற்றிலும் ஓடியது, ஆறினால் பசால்ட் என்ற கரும் எரிமலைக் கல்லாகும் இதே வகைக் குழம்புதான். சரக்கு ஒன்று, சமையல் செய்த இடம் வேறு. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் நின்று இரண்டு கேள்வி கேளுங்கள். இது எப்படி உண்டானது? ஈர்ப்பு, காற்று, தண்ணீர் இந்த மூன்றும் மாறினால் இதில் எது மாறும்? நான் கற்றுத்தருவது முழுக்க இந்த இரண்டு கேள்விதான்.

போன ஜனவரியில் அப்பாவைக் கூட்டிப்போனேன். நாமக்கல் பக்கம் முப்பது வருடம் கல் குவாரியிலும் கிரஷரிலும் வேலை பார்த்தவர். அவர் கூட இருந்ததால் நான் அதுவரை பார்க்காத சிலவற்றைப் பார்த்தேன். அதனால் இதை அந்த ஒரு நாளை வைத்தே எழுதுகிறேன்.

முந்தின நாள், சாப்பாட்டு மேசையில்

செயற்கைக்கோள் வரைபடத்தில் அம்பாய் எரிமலையைத் தேடிப் பெரிதாக்குங்கள். கரும் திட்டு ஒன்று, அதன் மேல் வெளிறிய மணல் பூச்சு, நடுவில் வட்டமான கூம்பு. கூம்பின் தென்கிழக்கே வால் மாதிரி ஒரு கரும் பட்டை நீளும். அங்கே மட்டும் மணல் பூச்சு இல்லை. படத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே செவ்வாயில் சிர்ட்டிஸ் மேஜர் பகுதியின் படம் ஒன்றையும் அச்செடுங்கள். அங்கேயும் பள்ளங்களுக்கும் மேடுகளுக்கும் பின்னால் இப்படிப்பட்ட வால்கள் தெரியும்.

அந்த வால் ஏன் வருகிறது என்பதை வீட்டிலேயே செய்து பார்த்துவிடுங்கள். கறுப்புத் தட்டு ஒன்றில் ரவையை மெல்லிசாகச் சலித்துப் பரப்புங்கள். நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வையுங்கள். முடி உலர்த்தும் கருவியைக் குளிர்காற்றில் வைத்து, தட்டுக்கு ஒட்டினாற்போல, இரண்டு முழம் தள்ளிப் பிடியுங்கள். அவசரப்படாமல் கிட்டே கொண்டுவாருங்கள். கிண்ணத்தின் முன் விளிம்பிலும் இரண்டு தோளிலும் முதலில் ரவை கிளம்பும். காற்று கிண்ணத்தில் மோதி இரண்டாகப் பிரிந்து, இருபுறமும் முறுக்கிக்கொண்டு பின்னால் ஓடும். முறுக்கு ஓடும் தடத்தில் ரவை தங்காது, தட்டின் கறுப்பு தெரியும். கோலமாவில் செய்யாதீர்கள். தூள் மிக நைசாக இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிளம்பவே கிளம்பாது. இதுவும் ஒரு பாடம்தான். செவ்வாயின் தூசி கோலமாவைவிட நைசு. அது எப்படிக் கிளம்புகிறது என்ற கேள்விக்கு ஆராய்ச்சியாளர்கள் நிறைய உழைத்திருக்கிறார்கள். நாசாவின் ஏம்ஸ் மையத்தில் செவ்வாயின் மெலிந்த காற்றழுத்தத்தை உள்ளே உண்டாக்கக்கூடிய காற்றுச் சுரங்கமே இதற்காக இருக்கிறது.

பையில் என்ன

ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர். அங்கே கழிப்பறை உண்டு, நிழல்கூரை போட்ட மேசை உண்டு, குடிநீர் கிடையாது. கணுக்காலைப் பிடிக்கும், தடித்த அடியுள்ள காலணி. தோட்ட வேலைக்குப் போடும் கையுறை. இரண்டாவது வருடம் கையுறை இல்லாமல் போனேன். ஒரு மேட்டில் லாவாத் தகடு காலடியில் ஆடியது. விழாமலிருக்கக் கையை ஊன்றினேன். உள்ளங்கை முழுக்கக் கீறல், கண்ணாடித் தூளாட்டம் சிலாம்பு. காரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் இடுக்கியால் எடுத்தேன்.

அளப்பதற்கு: மூன்று மீட்டர் டேப், மேஸ்திரிகள் சுவருக்குப் பிடிக்கும் நைலான் நூல், நகைக்கடையில் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ், சாய்வு பார்க்கப் போனில் ரசமட்டச் செயலி. அப்பா ஊரிலிருந்து நிஜ ரசமட்டத்தையே கொண்டுவந்திருந்தார். “போனு வெயில்ல அணைஞ்சு போயிரும் அம்மணி, இது அணையாது” என்றார். அன்றைக்கு அது தேவைப்படவும் செய்தது.

ரிவர்சைடிலிருந்து பார்ஸ்டோ, அங்கிருந்து 40-ஆம் நெடுஞ்சாலையில் லட்லோ, பிறகு ரூட் 66. மூன்று மணி நேரம் பிடிக்கும். ரூட் 66-இல் வெள்ளம் அடித்துப்போன சின்னப் பாலங்கள் பல உண்டு. எந்தத் துண்டு மூடியிருக்கிறது என்று கிளம்பும் காலையில் பார்த்துக்கொள்ளுங்கள். விடிந்த ஒரு மணி நேரத்துக்குள் அங்கே இருந்தால் நல்லது. சாய்ந்த வெயிலில்தான் லாவாவின் மேடுபள்ளம் கண்ணுக்குப் பிடிபடும்.

வீங்கிய மேடுகளில் ஒரு கணக்கு

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கூம்புவரை தடம் இருக்கிறது. எல்லோரும் நேரே கூம்புக்கு ஓடுவார்கள். ஓடாதீர்கள். என் கணக்கில் அம்பாயின் சிறந்த பகுதி வழியில் கிடக்கும் தரைதான்.

இங்கே ஓடியது பெரும்பாலும் பாஹோயிஹோய் வகை லாவா. ஹவாய்க்காரர்களின் சொல் அது. ஆறிய பாலில் ஆடை கட்டினாற்போல் மேலே தோல் இறுகி, அடியில் குழம்பு ஓடிக்கொண்டே இருக்கும் வகை. அடியில் குழம்பு சேரச் சேரத் தோல் மேலே தூக்கும். தாங்க முடியாதபோது முகட்டில் நீளவாக்கில் வெடிக்கும். எண்ணெயில் உப்பிய பணியாரத்தின் மேல் வெடிப்பு விடுகிறதே, அப்படி. ஆளுயர மேடுகள் நிறையக் கிடக்கின்றன, முகட்டில் வெடிப்போடு.

அப்படி ஒரு மேட்டைத் தேர்ந்துகொண்டு வெடிப்புக்குள் குனிந்து பாருங்கள். கையை விடுமுன் பாம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. சுவரின் மேற்பகுதியில் குமிழ்த் துளைகள் அடர்ந்திருக்கும். கீழே போகப் போகக் குறையும், கல் கெட்டிப்படும். மேலிருந்து வெடிப்பின் அடிவரை டேப்பால் அளங்கள். அந்த அளவை மீட்டரில் எழுதி, அதை அதாலேயே பெருக்கி, பிறகு 165-ஆல் பெருக்குங்கள். வருகிற எண், அந்தத் தோல் அவ்வளவு தடிக்க எத்தனை மணி நேரம் ஆனது என்பது. ஹவாயின் கிலாவியா எரிமலையில் ஓடிக்கொண்டிருந்த லாவாவையே அளந்து 1990-களில் வெளியிட்ட கணக்கு இது.

அப்பா அளந்த வெடிப்பு 1.2 மீட்டர். 1.44 பெருக்கல் 165, சுமார் 238 மணி. பத்து நாள்.

“பத்து நாளா அடியில கொழம்பாவேவா கெடந்துச்சு?”

“ஆமாங்கப்பா. மேல தோல் கட்டிருச்சுங், உள்ள ஓடிட்டே இருந்துச்சுங்.”

அவர் மேட்டின் முதுகைக் கையால் தட்டிப் பார்த்தார். குவாரியில் பாறை தட்டும் பழக்கம். ஓர் இடத்தில் கெட்டிச் சத்தம், இரண்டடி தள்ளிப் பானைச் சத்தம். “இங்க பொள்ளலா இருக்குது, ஏறாத” என்றார். பதினோரு வருடமாக அந்த மேட்டின் மேல் நின்றுதான் பாடம் நடத்தியிருக்கிறேன். அன்றிலிருந்து மாணவர்களையும் தட்டிப் பார்த்துவிட்டு ஏறச் சொல்கிறேன். அடியில் குழம்பு வடிந்து போன இடத்தில் தோல் மட்டும் கூரையாய் நிற்கும் என்பது அவர்களுக்குக் காதாலேயே புரிந்துவிடுகிறது.

இப்போது இரண்டாவது கேள்வி. செவ்வாயில் என்ன மாறும்? அங்கே மழை இல்லை, காற்றின் அழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. சூட்டைத் தூக்கிக்கொண்டு போகக் காற்று போதாது. கல் தன் வெப்பத்தைப் பெரும்பாலும் கதிராகத்தான் வெளியே விட வேண்டும். ஆகவே 165 என்ற எண்ணை அங்கே அப்படியே போட முடியாது. வெள்ளியில் நேர் எதிர். காற்று நம்மைப் போல் தொண்ணூறு மடங்கு அழுத்தம், தரையே 460 டிகிரி.

ஆனால் எண்ணைவிட முக்கியமான ஒன்று இந்த வெடிப்பில் இருக்கிறது. செவ்வாயில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் தடித்த லாவா ஓட்டங்கள் உண்டு. அவ்வளவு தடிமனைப் பார்த்தால், ஒரேயடியாகப் பிரளயமாய்ப் பாய்ந்திருக்கும் என்றே தோன்றும். அம்பாய் மேட்டைப் பார்த்தவர்கள் அப்படி உடனே சொல்ல மாட்டார்கள். முழங்கால் உயரத்தில் நிதானமாக வந்த ஓட்டம், தோலுக்கு அடியில் ஊறி ஊறி ஆளுயரம் வீங்கியிருக்கலாம். நம் தக்காணப் பீடபூமியின் பசால்ட் அடுக்குகளைப் பற்றியும் ஆராய்ச்சியாளர்கள் இதே விவாதத்தை நடத்தியிருக்கிறார்கள்.

நூல் போட்டு வெள்ளியைப் பார்ப்பது

இது சின்ன வேலை, கால் மணி நேரம். வழவழப்பான தோல் உள்ள இடத்தில் இரண்டு மீட்டர் தூரத்தை டேப்பால் நேராகக் குறித்துக்கொள்ளுங்கள். அதே இரண்டு முனைக்கு நடுவே நூலைத் தரையின் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் ஒட்டவைத்துப் போடுங்கள். பிறகு நூலை நீட்டி அளங்கள். எங்களுக்கு 2.1 மீட்டர் வந்தது. தகடுகள் உடைந்து குவிந்த இடத்தில் அதையே செய்தபோது மூன்றுக்கு மேல் போனது.

வெள்ளியின் மேகம் தாண்டிச் சாதாரணக் கேமராவால் தரையைத் தெளிவாகப் பார்க்க முடியாது. 1990 முதல் 1994 வரை மெகல்லன் விண்கலம் ரேடாரால்தான் தடவிப் பார்த்தது. அதன் அலைநீளம் 12.6 சென்டிமீட்டர். அந்த அளவை ஒட்டிய கரடுமுரடு அலையை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும், படத்தில் வெளுப்பாகத் தெரியும். வழவழப்பான தரை அலையைக் கண்ணாடி போல் அந்தப் பக்கம் தள்ளிவிடும், கறுப்பாகத் தெரியும். எனவே வெள்ளியின் படத்தில் கறுப்பு, வெளுப்பு என்று பார்ப்பது நிறத்தை அல்ல, உங்கள் நூல் அளந்ததைத்தான். இங்கிருந்து மேற்கே லட்லோ தாண்டி இருக்கும் பிஸ்கா எரிமலையின் லாவாவை ரேடார் ஆட்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வானத்திலிருந்து எடுத்த படத்தைத் தரையில் நடந்து சரிபார்க்க வசதியான இடம் அது.

கல்லைக் கையில் எடுத்து

கூம்பு நெருங்க நெருங்கத் தரை மாறும். தோல் லாவா முடிந்து, துளை துளையாய் வெந்த சிண்டர் கற்கள் காலடியில் கரகரவென்று நொறுங்கும். அப்பா ஒன்றைத் தூக்கினார், தூக்கிய வேகத்தில் கை மேலே போய்விட்டது. அவர் கை கருங்கல்லின் எடைக்குத் தயாராகப் போயிருந்தது.

“கல்லாட்டவே இல்ல அம்மணி. பொரியாட்டம் இருக்குது.”

பொரி என்பது சரியான சொல். அரிசிக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி விரிந்தால் பொரி. குழம்புக்குள் கரைந்திருந்த நீராவியும் கரியமில வாயுவும் மேலே வர வர அழுத்தம் குறைந்து விரிந்தால் சிண்டர். குழம்பைப் பிய்த்து வானத்தில் எறிவதும் அதே வாயுதான்.

லென்ஸை வைத்துப் பாருங்கள். உடைந்த முகம் ஒன்றைத் தேடுங்கள், நீங்கள் உடைக்க வேண்டாம். வெயிலுக்குத் திருப்பிப் பிடித்தால் துளைகளுக்கு நடுவே பச்சைக் கண்ணாடித் துணுக்கு மின்னும். கல்கண்டை நுணுக்கிப் பச்சைச் சாயம் போட்டாற்போல. அதுதான் ஆலிவின். சில இடத்தில் அது துருவேறிச் செம்பழுப்பாகிவிட்டிருக்கும். ஆலிவினுக்குத் தண்ணீர் ஆகாது. ஈரத்தில் கிடந்தால் சிதைந்து வேறு கனிமமாகும். 2004-இல் நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி செவ்வாயின் குசேவ் பள்ளத்தில் இறங்கி முதலில் துளைத்துப் பார்த்த அடிரோன்டாக் என்ற கல் ஆலிவின் நிறைந்த பசால்ட். ஏரிப் படிவத்தைத் தேடிப் போன இடத்தில் அது கிடைத்தது. உறைந்த நாளிலிருந்து அந்தக் கல் தண்ணீரை அதிகம் பார்க்கவில்லை என்பதற்கு அந்தப் பச்சைத் துணுக்குகளே சாட்சி. உங்கள் கையில் இருக்கும் கல்லிலும் பச்சையைத் தேடுங்கள், பழுப்பைத் தேடுங்கள், எது எவ்வளவு என்று எழுதுங்கள். பிறகு கல்லை எடுத்த இடத்திலேயே வையுங்கள். 2016 முதல் இது மொஹாவி டிரெயில்ஸ் தேசிய நினைவுச்சின்னத்துக்குள் இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அடுத்த வருடம் வரும் பிள்ளைக்கும் அந்தக் கல் வேண்டும்.

அப்பாவுக்கு ஒரு விஷயம் சொன்னேன், அவர் நம்பச் சற்று நேரம் ஆனது. எங்கள் ஊர்ப் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலையில் கிடைக்கும் வெளிர்நிறக் கல்லை இஸ்ரோ பொடித்து நிலவு மண்ணாக வைத்துத்தான் சந்திரயானின் இறங்குகலத்தைப் பழக்கியது. அது அனோர்த்தசைட், நிலவில் வெள்ளையாகத் தெரியும் மேட்டுநிலத்தின் கல். இங்கே கையில் இருப்பது நிலவின் கரும்பகுதியின் சொந்தம். இப்போது அவர் கை இரண்டையும் அறிந்துவிட்டது. “வெள்ளைய நாங்க ஒடச்சோம், கறுப்ப இப்பத்தேன் பாக்குறேன்” என்றார்.

கூம்பின் சாய்வு

நேரே ஏறாதீர்கள். மேற்குப் பக்கம் சுற்றிப் போனால் கூம்பின் சுவர் உடைந்த வாய் இருக்கிறது, தடம் அதன் வழியே ஏறும். ஏறுமுன் பக்கவாட்டில் நின்று, ரசமட்டத்தைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு, சரிவின் கோணத்தைப் பாருங்கள். உதிரிக்கல் குவிந்தால் சுமார் 30 டிகிரியில் நிற்கும். அதற்கு மேல் சரிந்து கொட்டும். அப்பாவிடம் கேட்டால் கிரஷரில் ஜல்லிக் குவியல் நிற்கும் சாய்வு என்பார். அம்பாய் பழையது, மழையும் காற்றும் தேய்த்ததால் பல இடத்தில் அதைவிடக் குறைவாக வரும்.

இங்கே நோட்டை எடுத்து ஒரு கணக்குப் போடுங்கள். வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில், 45 டிகிரி சாய்வில் ஒரு கல் கிளம்பினால், காற்றுத் தடையை விட்டுவிட்டால், பூமியில் சுமார் 255 மீட்டர் தள்ளி விழும். செவ்வாயில் ஈர்ப்பு குறைவு (3.71 மீ/வி²), அதனால் 670 மீட்டருக்கு மேல். நிலவில் ஒன்றரைக் கிலோமீட்டர். அதோடு அங்கே வெளியழுத்தம் குறைவு, வாயு இன்னும் வெறியோடு விரியும், கல் இன்னும் வேகமாகக் கிளம்பும். அதே அளவு சிண்டர் பல மடங்கு பரப்பில் சிதறினால் குவியல் எப்படி இருக்கும்? அகலமாக, தட்டையாக. தார்சிஸில் யுலிஸிஸ் கோலஸ் என்று சிண்டர் கூம்புகளின் கூட்டம் ஒன்று இருக்கிறது. அவற்றின் சாய்வு பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழேதான். ஜல்லிக் குவியலின் சாய்வை எட்டும் அளவுக்கு ஓரிடத்தில் கல் சேரவே இல்லை. மாணவர்கள் இந்தக் கணக்கைக் கூம்பைப் பார்த்துக்கொண்டே போடும்போது, அவர்கள் கண் அந்தக் கூம்பை அழுத்தித் தட்டையாக்குவதை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். வகுப்பறையில் அது நடப்பதில்லை.

உள்ளே இரண்டு தட்டைத் தளங்கள் உண்டு. ஒருகாலத்தில் லாவாக் குளங்களாக இருந்தவை, இப்போது மேலே வெளிர்மண் படிந்து களம் மெழுகினாற்போல் இருக்கும். அதிக நேரம் நிற்க வேண்டாம். காற்று வராது, வெப்பம் தேங்கும்.

விளிம்பில் நின்று வாலைப் பார்ப்பது

இதற்குத்தான் வந்தோம். விளிம்பின் தென்கிழக்கு ஓரத்துக்குப் போய், முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நில்லுங்கள். அச்செடுத்த படத்தைப் பிரியுங்கள். கீழே இரண்டு பக்கமும் லாவாவின் பள்ளங்களில் வெளிறிய மணல் தேங்கியிருக்கும். நேர் எதிரே ஒரு பட்டை மட்டும் கழுவி விட்டாற்போல் கறுப்பாக ஓடும்.

மணல் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருகிறது. இந்த லாவாதான் பழைய வற்றிய ஏரிப் படுகையைக் குறுக்கே அடைத்து, மேற்கே பாக்தாத், கிழக்கே பிரிஸ்டல் என்று இரண்டாகப் பிரித்தது. காற்று மணலைத் தள்ளிக்கொண்டு லாவாவின் மேல் வருகிறது, வழியில் பள்ளங்களை நிரப்புகிறது. கூம்பில் மோதியதும் உங்கள் ரவைத் தட்டில் நடந்ததுதான். இரண்டு முறுக்குக் காற்று கூம்பின் தோளைச் சுற்றிப் பின்னால் ஓடுகிறது, அந்தத் தடத்தில் மணலைத் தங்க விடுவதில்லை.

அப்பா வெகுநேரம் பேசாமல் பார்த்தார். பிறகு, “களத்துல தூத்துனா பதரு ஒருபக்கம், நெல்லு ஒருபக்கம் விழுவுமே, காத்து கோடு போட்டாட்டம். அதாட்டம் இருக்குது” என்றார். எத்தனையோ தடவை காற்றியக்கம் என்று சொல்லி விளக்கியிருக்கிறேன், தூற்றுவதை நினைத்ததே இல்லை. இப்போது இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளிடம் முறத்தையும் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

சிர்ட்டிஸ் மேஜர் படத்தை இப்போது பக்கத்தில் வையுங்கள். 1659-இல் டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் தொலைநோக்கியில் பார்த்து வரைந்த கரும் திட்டு அது. அதன் வடிவம் காலத்துக்குக் காலம் மாறுவதைப் பார்த்தவர்கள் அங்கே செடிகொடி வளர்ந்து வாடுகிறது என்றுகூட நினைத்தார்கள். 1971-இல் நாசாவின் மாரினர் 9 விண்கலம் போய்ச் சேர்ந்தபோது கோள் முழுக்கத் தூசிப் புயல். புயல் அடங்கியபின் எடுத்த படங்களில் இந்த வால்கள் தெரிந்தன, சில வால்கள் மாதங்களுக்குள் மாறின. வளர்ந்து வாடியது செடி அல்ல, காற்று நகர்த்திய தூசி. அந்தக் கரும் திட்டு உண்மையில் தாழ்ந்து பரந்த ஒரு பசால்ட் எரிமலை. ஆராய்ச்சியாளர்கள் ரொனால்ட் கிரீலியும் ஜேம்ஸ் ஐவர்ஸனும் 1970-களில் அம்பாய்க்கு வந்து இந்த வாலை அளந்தது, அந்தப் படங்களைப் புரிந்துகொள்ளத்தான்.

வித்தியாசத்தையும் எழுதுங்கள். இங்கே வெளிறியது மணல், உருண்டு துள்ளி வருவது. அங்கே வெளிறியது பெரும்பாலும் மெல்லிய தூசி, வானத்திலிருந்து படிவது. மணலே அங்கே பல இடங்களில் கறுப்பு, அதுவும் பசால்ட்தான். ஒரே வடிவம், உள்ளே ஓடும் சரக்கு வேறு.

வயதை ஊகிக்கச் சொல்லுங்கள்

இறங்குமுன் கூட வந்தவர்களை ஆளுக்கு ஒரு வயது எழுதச் சொல்லுங்கள். நேற்றுத்தான் ஆறினாற்போல் இருக்கும் தரையைப் பார்த்து ஐநூறு, ஆயிரம் என்பார்கள். முன்பு ஆய்வாளர்களே பத்தாயிரத்துக்குள் என்றுதான் சொல்லிவந்தார்கள். விண்கதிர் பட்டுக் கல்லுக்குள் சேரும் குளோரின்-36 அணுக்களை எண்ணிப் பார்த்தபோது சுமார் 79,000 வருடம் என்று வந்தது. அதே முறையில் பிஸ்காவுக்கு 22,500-க்குப் பக்கம். வறண்ட நிலம் கல்லை அவ்வளவு நாள் புதிதாகவே வைத்திருக்கிறது. செவ்வாயின் படத்தில் “புதிய லாவா” என்று யாராவது எழுதியிருந்தால், கண்ணுக்குப் புதிதா, விண்கல் விழுந்த பள்ளங்களை எண்ணிப் பார்த்துச் சொன்னதா என்று தேடிப் பாருங்கள்.

இன்னொரு நாள் இருந்தால்

அம்பாயிலிருந்து கிழக்கே போய், கெல்பேக்கர் சாலையில் வடக்கே திரும்பி, கெல்ஸோவைத் தாண்டினால் சீமா எரிமலைக் களம். நாற்பது கூம்புகள், எழுபது லட்சம் வருடத்துக்கு மேல் விட்டு விட்டு வெடித்த இடம். அங்கே ஐக்கன் மைன் ரோடு என்ற மண்சாலையின் உள்ளே ஒரு லாவாக் குகை இருக்கிறது, இரும்பு ஏணி வைத்திருக்கிறார்கள். உயரமான வண்டி வேண்டும். நடுப்பகலில் இறங்குங்கள். குனிந்து ஓர் இடுக்கைத் தாண்டினால் கூடம், கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் தூண் தூணாக இறங்கும். மேடுகளில் தட்டிக் கேட்ட அதே கதைதான் இங்கே பெரிய அளவில்: மேலே தோல் இறுகி, உள்ளே குழம்பு வடிந்து போனது. 2007-இல் செவ்வாயின் ஆர்சியா மான்ஸ் எரிமலைச் சரிவிலும், 2009-இல் ஜப்பானின் ககுயா விண்கலம் எடுத்த படங்களில் நிலவின் மேரியஸ் குன்றுகளிலும் கண்டுபிடித்த ஓட்டைகளுக்கு அடியிலும் இப்படி ஒரு குகை இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். ஈர்ப்பு குறைவு என்பதால் நிலவில் ஒரு கிலோமீட்டர் அகலக் கூரைகூட விழாமல் நிற்கும் என்பது கணக்கு. ஓட்டையின் விளிம்பைக் கீழே நின்று பாருங்கள், மேலே போய் விளிம்பில் நிற்காதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் இருங்கள், கண் பழகியபின் கூரையில் குழம்பு சொட்டி உறைந்த முனைகள் தெரியும்.

கெல்ஸோவில் பெட்ரோல் கிடையாது. லட்லோவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வடக்கே போனால் அடுத்த பம்ப் பேக்கர் ஊரில்தான்.